இரண்டு பகடை, ஒரே தாள்: சொந்தமாக ஒரு ஆர்பிஜி உருவாக்கலாம்

டேபிள்டாப் ஆர்பிஜி என்பது நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பேசிப் பேசியே ஒரு கதையை விளையாடுவது. ஒருவர் மட்டும் கதைசொல்லி. 1974-ல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி. அதன் இன்றைய விதிப்புத்தகம் முந்நூறு பக்கத்தைத் தாண்டும். அதைப் பார்த்து மலைத்துப் போக வேண்டாம். ஒரே தாளில் அடங்கும் விதிகளோடு இன்று மாலையே நீங்கள் விளையாடலாம்.

படி 1: கதையை ஒரு வரியில் எழுதுங்கள்

"ஒரே இரவில் கோட்டைக்குள் புகுந்து, சிறைப்பட்ட தோழியை மீட்க வேண்டும்." இந்த வரிக்குத் தேவைப்படாத எதற்கும் விதி எழுதாதீர்கள். சந்தையில் பேரம் பேசுவதற்கு இங்கே விதி எதற்கு?

படி 2: மூன்று திறன்கள்

பலம், சாமர்த்தியம், பேச்சு. +2, +1, 0 ஆகிய மூன்று எண்களை ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல இவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கட்டும். ஒரு பெயரும் வைத்துவிட்டால் கதாபாத்திரம் தயார்.

படி 3: பகடை

சாதாரண ஆறுபக்கப் பகடை இரண்டு போதும். உருட்டி, கூட்டி, திறனுக்குரிய எண்ணைச் சேருங்கள்.

10 அல்லது அதற்கு மேல்: நினைத்தது நடக்கிறது.
7 முதல் 9 வரை: நடக்கிறது, ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.
6 அல்லது அதற்குக் கீழ்: காரியம் கெடுகிறது.

2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆர்பிஜி பிரபலமாக்கிய முறை இது. ஏன் இரண்டு பகடை? ஒன்றை மட்டும் உருட்டினால் எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு. இரண்டை உருட்டினால் 36 விதமாக விழலாம். அதில் 7 மட்டுமே ஆறு விதமாக வரும், 12-க்கு ஒரே வழிதான். திறன் 0 உள்ளவருக்கு 36-ல் 6 வழிகளில்தான் முழு வெற்றி. +2 உள்ளவருக்கு 15. 7 முதல் 9 வரையிலான நடு அடுக்கோ இருவருக்கும் அதே 15.

அந்த நடு அடுக்கில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. ஒருத்தி மதில் ஏறுகிறாள், 8 விழுகிறது. ஏறிவிட்டாள், ஆனால் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து நழுவிக் கல்தரையில் விழுகிறது. கீழே காவலன் தலை நிமிர்கிறான். இப்போது மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். வெறும் வெற்றி, தோல்வி என்று மட்டும் வைத்திருந்தால் இந்தக் காட்சி பிறந்தே இருக்காது. அதனால் இந்த அடுக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள்.

படி 4: எப்போது உருட்டுவது?

தோற்றாலும் கதை நகரும் என்றால் மட்டும். பூட்டைத் திறக்க முடியவில்லை, அவ்வளவுதான் என்று நின்றுவிடக் கூடாது. திறக்கும் முன்பே காலடிச் சத்தம் கேட்க வேண்டும். சும்மா கதவைத் தள்ளுவதற்கெல்லாம் பகடை வேண்டாம்.

படி 5: அடிபட்டால்

ஆளுக்கு மூன்று வட்டம் வரையுங்கள். அடி விழும்போதெல்லாம் ஒரு வட்டத்தைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். மூன்றும் போனால் பிடிபட்டார்.

சரி, இனி நண்பர்களோடு ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். "இதற்கு என்ன விதி?" என்று யாராவது கேட்டு ஆட்டம் நின்ற இடத்தை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த இடத்தை மட்டும் திருத்தி, அதே கோட்டைக்குள் இன்னொரு முறை நுழையுங்கள்.