இணைந்த கணிதம் இரண்டாம் தாள்: சேர்ந்து படிப்போர் விடும் பிழைகள்

இலங்கையின் உயர்தரப் பரீட்சை நெருங்கினால் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கடந்தகால வினாத்தாள்களைச் செய்வார்கள். நல்ல பழக்கம். ஆனால் புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழுவும் பழைய குழுக்கள் விட்ட அதே பிழைகளைத்தான் விடுகிறது. அலகு எழுத மறப்பது, குறி மாறுவது எல்லாம் பயிற்சியில் தானாகக் குறையும். அவற்றை விடுவோம்.

ஆப்பின் ஆர்முடுகலை மறத்தல்

பகுதி ஆவின் பெரிய வினா ஒவ்வொன்றுக்கும் 150 புள்ளி. 12ஆம் வினாவில் பெரும்பாலும் ஆப்பு (சாய்ந்த முகமுள்ள கட்டை) வரும். ஒப்பமான (உராய்வற்ற) கிடை மேசையில் 2 கிலோ ஆப்பு, 30 பாகை சாய்ந்த அதன் ஒப்பமான முகத்தில் 1 கிலோ துணிக்கை, இரண்டையும் ஓய்விலிருந்து விடுகிறோம் என்று வையுங்கள். துணிக்கைக்கு ஆப்பு சார்பான ஆர்முடுகலை (வேகம் மாறும் வீதத்தை) குறித்துவிட்டு, அதையே நேராக நியூற்றனின் இரண்டாம் விதியில் போடுகிறார்கள். புவியீர்ப்பு ஆர்முடுகலின் 1/2 என்று அழகான விடை வரும். அது ஆப்பை மேசையில் ஆணி அடித்து வைத்தால் வரும் விடை! எத்தனை தடவை சொன்னாலும் இது திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருக்கிறது.

விதி கேட்பது புவி சார்பான ஆர்முடுகலை. ஆகவே துணிக்கையில் இரண்டு அம்புகள் வேண்டும்: முகம் வழியே கீழ்நோக்கி ஒன்று, ஆப்பு பின்வாங்கும் கிடைத் திசையில் மற்றது. தொகுதிக்குக் கிடையாக வெளிவிசை இல்லை. எனவே ஆப்பின் ஆர்முடுகலின் 3 மடங்கு, சார்பு ஆர்முடுகலைக் கோசைன் 30ஆல் பெருக்கியதற்குச் சமன். அடுத்து துணிக்கைக்கு மட்டும் முகம் வழியே எழுதுங்கள். சார்பு ஆர்முடுகலிலிருந்து ஆப்பினதின் கோசைன் 30 மடங்கைக் கழித்தால் புவியீர்ப்பு ஆர்முடுகலின் பாதி. தீர்த்தால் சார்பு ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 2/3.

முகம் துணிக்கையைத் தள்ளும் விசையான மறுதாக்கமும் கூடவே கெடும். நிறையைக் கோசைன் 30ஆல் பெருக்கி 0.87 மடங்கு என்பார்கள். சரியானது ஏறத்தாழ 0.77 மடங்கு.

குழுவில் இந்தப் பிழை பிடிபடாததற்குக் காரணம் உண்டு. கெட்டிக்காரர் ஒருவர் படம் கீறுவார், மற்றவர்கள் பார்த்துக் கீறுவார்கள். ஐந்து பேருக்கும் ஒரே விடை வரும். சரி என்று அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. தனித்தனியாகப் படம் கீறி, விசைகளையும் ஆர்முடுகல்களையும் வேறு வேறு நிற மையில் குறித்து, பிறகு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்புகளை எண்ணுங்கள். சமன்பாடு அதற்குப் பிறகுதான்.

உராய்வுக்கு எப்போதும் மியூ மடங்கு மறுதாக்கம் என எழுதுதல்

மியூ என்பது உராய்வுக் குணகம். வழுக்கும்போதும் வழுக்கும் தறுவாயிலும் மட்டுமே அப்படி எழுதலாம். மற்ற வேளைகளில் உராய்வைச் சமநிலைச் சமன்பாடே தரும்.

இழை தளர்ந்த பிறகும் எளிமை இசை இயக்கம்

தொங்கும் மீள்தன்மை இழை இயற்கை நீளத்துக்கு வந்த கணமே எளிமை இசை இயக்கம் (சீராக மேலும் கீழும் அலைதல்) முடிந்தது. அதன்பின் புவியீர்ப்பின் கீழ் இயக்கம். அந்தக் கணத்து வேகத்தை எடுத்துப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஆளுக்கொரு பாட அலகு எனப் பிரித்தல்

வேண்டாம்.

முழுத்தாள் செய்யாமல் விடுதல்

வாசிப்பு நேரம் 10 நிமிடம் போக 180 நிமிடம். பெரிய வினா ஐந்துக்கு 25 நிமிடப்படி 125 போனால், பகுதி அ வினா பத்துக்கும் 55 நிமிடம், ஒன்றுக்கு ஐந்தரை. பேசிப் பேசிச் செய்யும் குழுவுக்கு இந்த வேகம் வராது. கிழமைக்கு ஒரு தாளாவது மணி பார்த்துத் தனியே எழுதி, ஆளுக்காள் மாற்றி வரி வரியாகத் திருத்துங்கள்.