சிறு படகுக்கு எத்தனை எச்.பி. இஞ்சின்? அளந்து பார்த்து முடிவு செய்யும் முறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம், செம்பனைத் தோட்டங்களை ஒட்டி இருப்பவர்களில் பலருக்குச் சனி, ஞாயிறு என்றால் கிரியான் ஆறுதான். உடாங் காலா என்னும் பெரிய ஆற்று இறாலுக்குத் தூண்டில் போட வாடகைப் படகில் போய்ப் பழகியவர்கள், கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சொந்தப் படகு வாங்குகிறார்கள். அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: “அண்ணே, 15 எச்.பி. போட்டால் சரியாக இருக்குமா?” படகை அளக்காமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தகட்டைத் தேடுங்கள்

தொழிற்சாலையில் செய்த படகு என்றால் உட்பக்கத்தில் ஒரு சிறு தகடு இருக்கலாம். எத்தனை பேர், எத்தனை கிலோ, அதிகபட்சம் எத்தனை எச்.பி. என்று அதில் போட்டிருக்கும். இருந்தால் அதுதான் உச்சவரம்பு, அதைத் தாண்ட வேண்டாம். பழைய படகிலும் ஊரில் செய்த படகிலும் பெரும்பாலும் இருக்காது. அப்போது நாமே கணக்குப் போட வேண்டியதுதான்.

படி 2: நீளம் × அகலம்

20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அங்கே அது சட்டம், நமக்கு நல்ல வழிகாட்டி. படகின் நீளத்தை அடியில் எடுங்கள். இஞ்சின் மாட்டும் பின்பலகையின் மிக அகலமான இடத்தையும் அடியில் எடுங்கள்; முழுப் பின்பலகை இல்லாத படகு என்றால் பின்பக்கக் கால்பகுதியில் மிக அகலமான இடத்தை எடுங்கள். இரண்டையும் பெருக்குங்கள்.

விடை 35 வரை என்றால் 3 எச்.பி.; 36 முதல் 39 வரை 5; 40 முதல் 42 வரை 7.5, 43 முதல் 45 வரை 10, 46 முதல் 52 வரை 15. படகின் அடி தட்டையாகவும் ஓரம் கூராக மடிந்தும் இருந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். நம் ஆற்றில் ஓடும் அலுமினியப் படகுகள் பல அப்படித்தான்.

12 அடி நீளம், 4 அடி அகலம் உள்ள தட்டை அடிப் படகை எடுத்துக்கொள்வோம். 48 வருகிறது, அதற்கு 15. தட்டை அடி என்பதால் 10. அதே 12 அடிப் படகு மூன்றரை அடி அகலம்தான் என்றால் 42 வருகிறது, 7.5இலிருந்து இறங்கி 5 ஆகிவிடும். அரை அடி அகலம் இஞ்சினைப் பாதியாக்குகிறது! அதனால்தான் “என் படகும் 12 அடிதான்” என்று ஒருவர் சொல்வதை நம்பி இஞ்சின் வாங்கக் கூடாது.

52க்கு மேல் போனால் கணக்கு மாறும். கைப்பிடியால் திருப்பும் தட்டை அடிப் படகுக்கு, வந்த எண்ணைப் பாதியாக்கி 15ஐக் கழியுங்கள். 14 அடிக்கு 5 அடி என்றால் 70, பாதி 35, 15 போக 20 எச்.பி.

படி 3: உங்களுக்கு என்ன வேகம் வேண்டும்?

மெதுவாகத் தண்ணீரைப் பிளந்து போகும் 12 அடிப் படகு மணிக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் எளிதில் போகாது. அந்த வேகத்துக்கு 5 எச்.பி.யே போதும். அதற்கு மேல் வேகம் வேண்டுமென்றால் படகு தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கி ஓட வேண்டும். அதற்குத் தோராயமாக 15 முதல் 20 கிலோ எடைக்கு ஒரு எச்.பி. தேவை.

எடையைக் கூட்டிப் பாருங்கள். படகு 80 கிலோ, இரண்டு பேர் 140, இஞ்சின் 40, பெட்ரோல், ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 300. நம் படகின் வரம்பான 10 எச்.பி.யில் ஒவ்வொரு எச்.பி.யும் 30 கிலோவை இழுக்க வேண்டும், எழும்பாது. தனியாகப் போனால் ஒருவேளை எழும்பலாம். இதற்காக 20 எச்.பி. வாங்கி மாட்டுவது ஆபத்து. வேகம்தான் வேண்டும் என்றால் பெரிய படகு வாங்குங்கள். இறால் பிடிக்கப் போகிறவருக்கு அந்த வேகம் தேவையே இல்லை என்பது என் கருத்து.

படி 4: பின்பலகை தாங்குமா?

எச்.பி.யை மட்டும் பார்த்து இஞ்சினின் எடையை மறந்துவிடுகிறார்கள். 9.8 எச்.பி. டூ ஸ்ட்ரோக் சுமார் 26 கிலோ, ஃபோர் ஸ்ட்ரோக் சுமார் 37. 15 எச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோவைத் தொடும். ஓட்டுபவரும் பின்னால்தான் உட்காருவார், பெட்ரோல் டாங்கும் அங்கேயே கிடக்கும். திடீரென நிறுத்தினால் பின்னால் வரும் அலை பலகையைத் தாண்டி உள்ளே ஏறும். டாங்கையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் தள்ளி வையுங்கள். பழைய மரப்பலகை என்றால் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

படி 5: தண்டின் நீளம்

பின்பலகையின் உயரம் 15 அங்குலம் என்றால் ஷார்ட் ஷாஃப்ட், 20 என்றால் லாங் ஷாஃப்ட். விசிறிக்கு (புரொப்பெல்லருக்கு) மேலே உள்ள தட்டையான தகடு, படகின் அடிக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். உயர்ந்தால் விசிறி காற்றைப் பிடித்து வெறுமனே சுற்றும். தாழ்ந்தால் கரையோரச் சேற்றில் உரசும்.

படி 6: ஆற்றையும் கணக்கில் சேருங்கள்

ரொம்பச் சின்ன இஞ்சினும் தவறுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் முகத்துவாரம் பக்கம் தண்ணீர் ஏறி இறங்கும் இழுவை அதிகம். மணிக்கு 8 கிலோமீட்டர் போகும் படகு, 4 கிலோமீட்டர் இழுவையை எதிர்த்தால் மிஞ்சுவது 4தான். 6 கிலோமீட்டர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம். விடியற்காலையில் நீரிணையிலிருந்து சுமாத்ரா காற்று கிளம்பினால் இன்னும் கஷ்டம். வழக்கமான சுமையோடு மூன்றில் இரண்டு பங்கு த்ராட்டிலில் வசதியாக ஓடும் இஞ்சின்தான் சரியான அளவு.

படி 7: மாட்டியபின் சோதனை

ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றும் சின்ன ஆர்.பி.எம். மீட்டர் கடையில் கிடைக்கும். வழக்கமான சுமையோடு முழு த்ராட்டில் கொடுத்து எண்ணைப் பாருங்கள். பல ஃபோர் ஸ்ட்ரோக்குகளுக்கு 5,000 முதல் 6,000 வரை இருக்க வேண்டும். உங்களுடையதற்குக் கையேட்டைப் பாருங்கள். எட்டவில்லை என்றால் இஞ்சினை மாற்றக் கிளம்பாதீர்கள். பிட்ச் (விசிறி ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓர் அங்குலம் குறைந்த விசிறி போட்டால் 150 முதல் 200 வரை கூடும். இந்தச் சோதனையின்போதும் இஞ்சினை நிறுத்தும் கயிறு உங்கள் கையில் மாட்டியிருக்கட்டும், உயிர்காப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே ஓட்டுங்கள்.