உப்புப் பளிங்கு ஏன் மங்குகிறது? வீட்டிலேயே கண்டறியும் முறை

திருகோணமலை மாவட்டத்து நிலாவெளி உப்பளக் கல்லுப்பு வெள்ளையாக மங்கியிருக்கும். சோடியம் குளோரைட்டுக்கோ நிறமே இல்லை. அகச்சிவப்புக் கருவிகளுக்கு அதில் சாளரம்கூடச் செய்வதுண்டு. மங்கலுக்குக் காரணம், பளிங்குக்குள் சிறைப்பட்ட உவர்நீரும் காற்றும். முறிவுச் சுட்டி, அதாவது ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் எண், உப்புக்கு 1.54, உவர்நீருக்கு ஏறக்குறைய 1.38, காற்றுக்கு 1.00. வித்தியாசம் கூடக்கூட ஒளிச் சிதறலும் கூடும். ஆகவே காற்றுக்குமிழிதான் மோசம்.

முதலில் பளிங்கைக் கராம்பு எண்ணெயில் அமிழ்த்துங்கள். அதன் சுட்டி 1.53, மேற்பரப்புக் கீறல்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். தேங்காய் எண்ணெய் (1.45) இதற்குப் போதாது. மிஞ்சி நிற்கும் மங்கல் உள்ளே இருப்பது.

பிறகு அறையை இருட்டாக்கி, கறுப்பு அட்டையில் 2 மில்லிமீற்றர் துளையிட்டு, அதனூடாக டோர்ச் வெளிச்சத்தைப் பளிங்கின் பக்கவாட்டில் பாய்ச்சி, ஒளிக்கற்றைக்குச் செங்குத்தாக நின்று பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் மினுங்கினால் அவை பெரிய துளிகள். நீலம் பாய்ந்த புகைபோல் தெரிந்தால், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள். போலரோயிட் கண்ணாடியை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) கண்முன் பிடித்துச் சுழற்றினால் ஒரு நிலையில் அந்தப் புகை மங்கும்.

தெளிந்த பளிங்கு வேண்டுமா? 100 மில்லிலீற்றர் நீரில் 36 கிராம் உப்பைக் கரைத்து, வடிதாளில் வடித்து, ஊசித்துளையிட்ட தாளால் மூடி நிழலில் வையுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் பளிங்கின் விளிம்புகள் முந்தி வளர்ந்து நடு குழியாகும். அக்குழி மூடும்போது உவர்நீர் அகப்படும்.

ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு கசியும். திருகோணமலைக் கடற்காற்றுக்குச் சிலிக்கா ஜெல் இட்ட இறுக்கமான போத்தலே வேண்டும்.