லேபிளில் 99 இருக்கிறதா?

பழைய பிரிட்டிஷ் ராணுவக் குளிர்காலத் தொப்பி என்று யாராவது விற்றால், விலை பேசும் முன் உள்பக்க லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலுள்ள 13 இலக்க நேட்டோ எண்ணில் (நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள் ராணுவப் பொருள்களுக்கு இடும் அடையாள எண்) ஐந்தாவது, ஆறாவது இலக்கங்கள் எண்ணை வழங்கிய நாட்டைக் காட்டும்: 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ். காதை மூடும் மடல் வைத்த தொப்பிகள் எந்த நாட்டுடையதானாலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், நம்பி ஏமாறுவது சுலபம்.

இரண்டாம் உலகப் போர்க்காலச் சரக்குக்கு இது உதவாது. நேட்டோ பிறந்ததே 1949-இல்தான். கமாண்டோக்கள் அணிந்த கம்பளிக் குல்லாய் (விரித்தால் மப்ளர் ஆகிவிடும்!) கிடைத்தால், லேபிளில் அம்பு முத்திரையும் (பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான குறி) ஆண்டும் உண்டா என்று பாருங்கள். முத்திரை மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள், அதைப் போலியாகவும் குத்துகிறார்கள்.