முதல் ஒப்படைப்பைக் குரலில் திருத்துங்கள்

இணையவழிப் பட்டப்படிப்பில் பாடம் நடத்துகிறீர்களா? முதல் ஒப்படைப்புக்கு மட்டுமாவது உங்கள் கருத்தைத் தட்டச்சு செய்யாமல் பேசிப் பதிவுசெய்யுங்கள். மூடுல் (Moodle) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் கருத்து எழுதும் பெட்டியின் மேலேயே மைக் பொத்தான் இருக்கும். கேன்வாஸ் (Canvas) என்ற தளத்தில் ஒப்படைப்புகளைத் திருத்தும் பகுதியான ஸ்பீட்கிரேடரிலும் இவ்வசதி உண்டு. மாணவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் எழுதிய ஏதாவது ஒரு வரியைத் தொட்டுப் பேசுங்கள்: "கவிதா, இரண்டாம் பத்தியில் விலையேற்றத்துக்கு நீங்கள் சொன்ன காரணம் சரிதான், சான்று எங்கே?" 'நன்று, தொடர்க' என்றால் படித்தீர்களா என்ற சந்தேகம்தான் வரும். ஒரு நிமிடம் போதும், பிரசங்கம் வேண்டாம். செவித்திறன் குறைந்தவர்களுக்கு எழுத்திலேயே அனுப்புங்கள்.

நூறு பேர் வகுப்பென்றால் எல்லோருக்கும் பேசி மாளாது. மூடுலின் பங்கேற்பாளர் பட்டியலில் ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது வந்தார் என்பது தெரியும். நெடுநாளாக எட்டிப் பார்க்காதவர்களிடமிருந்து தொடங்குங்கள்.