மெயில் சேவையை மாற்றப் போகிறீர்களா?

ஃப்ரீலான்ஸர்கள் கூகுள் வொர்க்ஸ்பேஸா, மைக்ரோசாஃப்ட் 365-ஆ, ஜோஹோவா என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் சொந்தமாக ஒரு டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயர்) வாங்கிவிடுவது நல்லது, முகவரி உங்களுடையதாக இருந்தால் நாளைக்கு எந்தச் சேவைக்குத் தாவினாலும் வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது. மாற்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே எம்எக்ஸ் ரெக்கார்டின் (உங்களுக்கு வரும் மெயில் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டொமைன் பதிவு) டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள், அப்போதுதான் மாற்றம் சீக்கிரம் நடக்கும். பழைய மெயில்கள் ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலை எடுக்கும் முறை) வழியாக வந்துவிடும், ஆனால் காலண்டரும் தொடர்புப் பட்டியலும் அதில் வராது, தனியாகத்தான் இறக்க வேண்டும். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இரண்டையும் புதிய சேவைக்கு ஏற்ப மாற்றாவிட்டால் நீங்கள் அனுப்பும் இன்வாய்ஸ் ஸ்பேமில் போய் உட்காரலாம் (அப்புறம் பணம் எப்படி வரும்?). கூகுள் ஷீட்ஸை எக்ஸெல் கோப்பாக இறக்கினால் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டில் வேலைகளைத் தானாகச் செய்ய எழுதும் நிரல்) கூடவே வராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூட வேண்டாம், ஒரு மாதமாவது இருக்கட்டும்.