ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிறீர்களா?

கடையில் தொங்கும் ஆட்டின் வாலை முதலில் பாருங்கள். வெள்ளாட்டுக்கு வால் குட்டையாக, மேல்நோக்கி இருக்கும். செம்மறிக்குக் கீழே தொங்கும். வாலை அறுத்துவிட்டுத் தொங்கவிட்டிருந்தால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

அப்புறம் நிறம். இளம் ஆட்டுக்கறி வெளிர்சிவப்பாக இருக்கும், கொழுப்பு வெள்ளையாக இருக்கும். கறி கருஞ்சிவப்பாகவும் கொழுப்பு மஞ்சளாகவும் தெரிந்தால் முற்றிய ஆடு, குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான். விலா எலும்பு மெல்லியதாக இருப்பதும் இளசுக்கு அடையாளம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் மீள வேண்டும். வெட்டி வைத்த கறியை வாங்காமல், கண்முன்னே வெட்டச் சொல்லுங்கள். தொடைக்கறி மட்டும் கேட்காதீர்கள். நெஞ்செலும்பும் கொஞ்சம் சேர்ந்தால்தான் ருசி.

நல்ல கறிக்கு மசாலா அதிகம் வேண்டாம். எங்கள் வீட்டில் உப்புக்கறிதான். அரைக் கிலோ கறிக்கு இரண்டு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, விதை நீக்கிய ஆறு வரமிளகாய். நல்லெண்ணெயில் மிளகாயையும் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, கறி, மஞ்சள்தூள், கல் உப்பு சேர்த்துப் பிரட்டுங்கள். கறி விடும் நீர் வற்றிய பிறகு, வெந்நீர் ஊற்றி மூடி வையுங்கள். சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது ஆகும். வெந்ததும் திறந்து சுருள விடுங்கள். ரசம் சோற்றுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?